கழுவெளியில் மனை எண் 61

3 ஜூன் 2024, திங்கள்

காலை ஏழு மணியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குள் பதினான்கு லாரிகள். ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்ததில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. எங்கள் நாலாவது தெரு ஒரு முள்கம்பி வேலியில் முடிகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கழுவெளி. மழைக்காலத்தில் மழையும் கடலும் கலந்த தண்ணீர் முழங்கால் அளவுக்கு நிற்கும், கோடையில் உப்புப் பூத்த சேறாகக் கிடக்கும். நாரையும் நண்டும் இறாலும் அதில்தான் பிழைக்கின்றன. விற்கிறவர்கள் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற நிலம். இன்று அதில் இடித்த கட்டடங்களின் கல்லையும் காரையையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஏதோ ஒரு கட்டுமான நிறுவனம் நூறு வில்லா கட்டப்போகிறதாம்.

எங்கள் குடியிருப்பின் பெயர் மருதம் நகர். சுற்றிலும் உப்புச் சேறு, பெயர் மட்டும் வயலும் வயல் சார்ந்த இடமும். மனை போட்டு விற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ஞானசிகாமணி சார் வீட்டு கார் ஷெட்டில் நலச்சங்கக் கூட்டம். அவர் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒன்பது வருடமாகத் தலைவர். காரணம், சொந்தமாக மைக் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்பது என் கணிப்பு. "இது வெறும் சேறு இல்லீங்க, நம்ம நகரோட தன்மை. ரெண்டு மாடிக்கு மேல இங்க ஒருத்தரும் கட்டினதில்ல. பால்கனியில நின்னா பறவை தெரியும். அத விட்டுக்குடுக்க முடியுமா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும்தான். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்தவள், சங்கத்துக்குச் செயலாளர். மனு எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

4 ஜூன், செவ்வாய்

ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பேனாவை எடுத்தால் அலுவலகத் தமிழ் தானாக வருகிறது. கடைசி வரி: "அப்பகுதியில் உள்ள அனைத்து ஆக்கிரமிப்புகளையும் பாரபட்சமின்றி அகற்றி, கழுவெளியைக் காத்திடுமாறு கேட்டுக்கொள்கிறோம்." படித்துப் பார்த்துவிட்டு ஞானசிகாமணி சார், "கடைசி வரி கணீர்னு இருக்கு மேடம்" என்றார். நூற்று எண்பத்தேழு கையெழுத்து.

இவர், என் கணவர் தணிகாசலம், முழங்கால் வலியோடு நாலாவது தெருவின் முப்பத்தோரு வீட்டுக்கும் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். கூட்டத்துக்கு வரமாட்டார், உட்கார்ந்ததும் கொட்டாவி வரும். அலைகிற வேலை என்றால் கிளம்பிவிடுவார்.

9 ஜூன், ஞாயிறு

வேலி ஓரமாக மனிதச் சங்கிலி. ஆளுக்கொரு அட்டை. குழந்தைகள் வரைந்த நாரைகளில் பாதி வாத்துபோல இருந்தன. முன்பெல்லாம் குப்பைத்தொட்டி எந்தத் தெருவில் வைப்பது என்று அடித்துக்கொண்டவர்கள் இன்று கை கோத்து நின்றார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. தண்ணீர் பாட்டில் கொண்டுவருகிறேன் என்று மூன்று தடவை வீட்டுக்குப் போய் வந்தேன்.

கன்னியம்மா கூடையோடு வந்தாள். கழுவெளிக் கரைமேல் ஒன்பது இருளர் வீடுகள் இருக்கின்றன, அதில் ஒன்று அவளுடையது. நாங்கள் இங்கே வந்த நாள் முதல் அவளிடம்தான் இறால் வாங்குகிறேன். பனையோலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுத் தண்ணீரில் தவழ்ந்தபடி இரண்டு கையாலும் துழாவிப் பிடிப்பாள். வலை கிடையாது. ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ எடுத்துவிடுவாள்.

"லாரிக்காரன் கொட்டுறானே, அங்கதாம்மா குஞ்சு இறால் வந்து நிக்கும். அத்த மூடிட்டா நாங்க எங்க போய்த் துழாவறது? ஏதோ மனு எழுதினியாமே, எங்களையும் அதுல சேத்துக்கினியா?"

"உங்களுக்கும் சேத்துதான் கன்னிமா" என்றேன்.

அவளும் வரிசையில் வந்து நின்றாள். பக்கத்தில் நின்ற அம்மாள் அவள் கையைக் கோக்காமல் தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்தேன், எதுவும் சொல்லவில்லை.

21 ஜூன், வெள்ளி

கோட்டாட்சியர் விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறார். ஆனால் அந்த நிறுவனத்திடம் பட்டா இருக்கிறது. சர்வே எண் 212, அதில் பதினெட்டு ஏக்கர். நகல் வாங்கி வந்து காட்டியவள் ரிஸ்வானா. மூன்றாவது தெரு, வக்கீல், முப்பது வயது இருக்கும். எங்கள் வழக்குக்காகத் தன் வேலையை விட்டுவிட்டு அலைகிறாள்.

"பட்டா பின்னாடி வந்தது ஆன்ட்டி. அதுக்கு முன்னாடி அது அரசாங்கப் புறம்போக்கு, கழுவெளின்னு காட்ட ஒரு பழைய காகிதம் வேணும். தாலுகா ஆபீஸ்ல கேட்டா அந்த வருஷத்துப் பதிவேட்டைக் கரையான் தின்னுருச்சுன்னு எழுதிக் குடுக்குறாங்க. தொண்ணூத்தஞ்சுல இந்த நிலமெல்லாம் பத்திரமாகும்போது நீங்க அங்கதானே இருந்தீங்க? ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"நான் அப்ப தபால் பிரிவு" என்றேன்.

அது பொய்யில்லை.

22 ஜூன், சனி

பீரோவை ஒழித்தேன். பட்டுப்புடவைகளை மடிப்பு மாற்றி வைத்தேன். வேறொன்றும் இல்லை.

2 ஜூலை, செவ்வாய்

மோட்டார் மறுபடி ரிப்பேர். காயில் எரிந்துவிட்டதாம். உப்புத் தண்ணீர் ஊருக்கெல்லாம் பொது, எங்கள் வீட்டு மோட்டாரை மட்டும் அதற்குப் பிடிக்காது. குக்கருக்கு கேஸ்கெட் வாங்கினேன், அளவு தவறு, மாற்ற வேண்டும். லாரிகள் இப்போது விடியற்காலையில் வருகின்றன. விசாரணை முடிகிறவரை கொட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையாம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு வளர்ந்துகொண்டிருக்கிறது.

"என்ன கோதை, ஒரு வாரமா ஒரே அலைச்சலா இருக்க? ஒரு எடத்துல உக்காரவே மாட்டேங்குற" என்றார் இவர்.

"கால் மரத்துப்போகுது" என்றேன்.

பீரோவை மறுபடி ஒழித்தேன். மூன்று வாரத்தில் இது நாலாவது தடவை. அது அங்கேயேதான் இருக்கிறது. எங்கே போகும்?

11 ஜூலை, வியாழன்

மதியம் கன்னியம்மா வந்தாள். கூடை இல்லை. கையில் ஒரு காகிதம், நாலு மூலையிலும் பசை காய்ந்திருந்தது.

"கதவுல ஒட்டிட்டுப் போயிட்டாம்மா. ஒம்பது வூட்டுக்கும் ஒட்டிக்கீறான். இன்னா எழுதிக்குதுன்னு படிச்சி சொல்லு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அரசாங்கக் கடிதத்தில் முதலில் பொருள் என்று ஒரு வரி, அதன்கீழ் பார்வை என்று ஒரு வரி இருக்கும். எதை வைத்து இந்தக் கடிதம் எழுதப்பட்டது என்று பார்வையில் சொல்லுவார்கள். பொருளை வாசித்தேன். ஆக்கிரமிப்பு அகற்றுதல். பிறகு கீழே போனேன். பதினைந்து நாளுக்குள் கரையைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதிகாரிகள் அகற்றுவார்கள், செலவும் அவர்களிடமே வசூலிக்கப்படும். எல்லாவற்றையும் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை, எத்தனையோ ஆயிரம் காகிதம் வாசித்தவள்.

பார்வை வரியை வாசிக்கவில்லை. அதில் "மருதம் நகர் குடியிருப்போர் நலச்சங்கத்தின் மனு, நாள் 4.6.2024" என்று இருந்தது. கீழே என் சொற்களும் அப்படியே இருந்தன. அனைத்து ஆக்கிரமிப்புகளையும் பாரபட்சமின்றி. பட்டா வைத்திருக்கிற நிறுவனத்துக்கு விசாரணை, பட்டா இல்லாத ஒன்பது வீட்டுக்குப் பதினைந்து நாள். ஆட்சேபணை இருந்தால் இருபத்தாறாம் தேதி வந்து சொல்லலாம், நிறுவனத்தின் விசாரணையும் அன்றைக்குத்தான்.

"எங்கள எதுக்கும்மா? நாங்க இன்னா கொட்டினோம்?" என்று கேட்டாள்.

"பேசிப் பாக்கலாம்" என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் என்று போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

12 ஜூலை, வெள்ளி

ஞானசிகாமணி சாரிடம் போனேன். வேறு மனு போடலாம், இருளர் வீடுகளை நாங்கள் சொல்லவில்லை என்று திருத்தி எழுதலாம் என்றேன். அவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டபடியே பேசினார்.

"மேடம், இப்பதான் ஆபீஸ்ல ஃபைல் நகர ஆரம்பிச்சிருக்கு. நடுவுல திருத்தம் கிருத்தம்னு போனா மொத்தமும் படுத்துக்கும். அவங்களுக்கு கவர்மென்ட் எங்கயாவது எடம் குடுக்கும். எப்பவும் குடுக்குறதுதானே?"

"எங்க சார் குடுத்திருக்கு?"

அவர் ட்யூபை அடுத்த தொட்டிக்கு மாற்றினார்.

நான் கோபமாக வீட்டுக்கு வந்தேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் அவர்மேல் என்றுதான் சொல்வேன். அது எனக்கு வசதி.

15 ஜூலை, திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை இவர் எடுத்துப் படிக்கிற ஆள் இல்லை.

1995 பிப்ரவரியில் தபால் பிரித்துக்கொண்டிருந்தேன். கிராம நிர்வாக அலுவலர் எங்கள் சார்பதிவாளருக்கு எழுதிய கடிதம் ஒன்று வந்தது. சர்வே எண் 212, அறுபத்து நாலு ஏக்கரும் கழுவெளிப் புறம்போக்கு. சில பேர் மனை போட்டு விற்கப் பார்க்கிறார்கள், எந்தப் பத்திரத்தையும் பதிய வேண்டாம். கூடவே கிராம நிலக் கணக்கான அடங்கலின் நகல், கையெழுத்தும் முத்திரையுமாக. அதில் குறிப்பு என்ற கட்டத்தில், "கரைமேல் இருளர் குடிசை ஆறு, மூன்று தலைமுறையாக" என்று தன் கையால் எழுதியிருந்தார். அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. இப்போது உயிரோடு இல்லை என்று கேள்வி.

அதை வரவுப் பதிவேட்டில் பதிந்து அதிகாரி மேஜையில் வைக்க வேண்டும். என் வேலையே அதுதான். நான் பதியவில்லை. உறையோடு கைப்பையில் வைத்துக்கொண்டேன், இன்றுவரை பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. மனை போட்டவர்களின் மேனேஜர் அதற்கு முந்தின வாரமே என்னிடம் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். "அப்படி ஒரு லெட்டர் வந்தா சொல்லுங்கம்மா" என்று மட்டும்தான் சொன்னார். பிறகு மனை எண் 61, மூலை மனை, பாதி விலை. அரசு ஊழியர் சொத்து வாங்கினால் துறைக்குச் சொல்ல வேண்டும், அதனால் இவர் பேரில் வாங்கினேன். ஆபீஸ்காரர்களுக்குச் சலுகை என்று இவரிடம் சொன்னேன். இவர் தன் தம்பிக்குக் கடிதம் போட்டார், நம்ம கோதையோட நல்ல பெயருக்குக் கிடைச்ச மனை என்று.

கழுவெளி தெற்கு வேலியோடு நிற்கவில்லை. அந்தக் காகிதப்படி அது இரண்டாவது தெரு வடிகால் வரை வருகிறது. மூன்றாவது தெருவும் நாலாவது தெருவும் 212தான். இந்த நோட்டை வைத்து எழுதுகிற மேஜை, மேஜை நிற்கிற அறை, எல்லாம் 212.

கொடுத்தால் லாரி நிற்கும், கன்னியம்மா வீடு மூன்று தலைமுறை என்று நிரூபணமாகும். எங்கள் வீடும் இன்னும் அறுபத்து மூன்று வீடுகளும் ஆக்கிரமிப்பு ஆகும். என் பெயர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இவருக்குத் தெரியவரும். எல்லாவற்றையும்விட அதுதான் பயம்.

16 ஜூலை, செவ்வாய்

பென்ஷன் அலுவலகம் போய் வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

19 ஜூலை, வெள்ளி

கன்னியம்மா தெருவோடு போனாள். இறால் கூடை தலையில் இருந்தது, எங்கள் வீட்டுக்கு மட்டும் குரல் கொடுக்கவில்லை. நானே கேட்டுக்கு ஓடி நிறுத்தினேன். அவள் கூடையை இறக்கவில்லை.

"வக்கீல் பொண்ணாண்ட காட்டினேன். அது முழுசா படிச்சிது. நீ ஒரு வரிய முழுங்கிட்ட."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மனு எழுதினது நீதானே? அத்தகூட மன்னிச்சிருப்பேன். எழுதறவங்களுக்கு ஆயிரம் இருக்கும். எதுக்க உக்காந்துக்கினு, என் மூஞ்சியப் பாத்துக்கினு, அந்த ஒரு வரிய வுட்டுட்டியே. அத்த மறக்க முடியலம்மா."

போய்விட்டாள். நான் உள்ளே வந்து பீரோவைத் திறந்தேன். இந்தத் தடவை புடவை எதையும் தொடவில்லை.

20 ஜூலை, சனி

இவர் காய்கறிக்குப் போன நேரத்தில் மூன்றாவது தெருவுக்குப் போய் உறையை ரிஸ்வானா கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் இரண்டு தடவை படித்தாள். எல்லை எழுதியிருக்கிற இடத்தில் விரல் நின்றது.

"எங்க வீடும் இதுல வருது ஆன்ட்டி."

"ஆமா."

"அத்தா ரிட்டயர்மென்ட் காசு மொத்தத்தையும் போட்டு வாங்கினது."

"தெரியும்மா."

என்னைத் திட்டியிருக்கலாம். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "நான் இதத் தாக்கல் பண்ணினா வெறும் காகிதம். எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. சொல்றதுக்கு ஆள் வேணும். நீங்க வந்து சொல்லுவீங்களா?"

யோசிக்கணும் என்றேன். இருபத்தொன்பது வருடம் போதவில்லை.

21 ஜூலை, ஞாயிறு

கார் ஷெட்டில் அவசரக் கூட்டம். ஒரு பழைய ஆவணம் கிடைத்திருக்கிறது, அதன்படி இரண்டு தெருக்கள் சிக்குகின்றன என்று ரிஸ்வானா சொன்னாள். யாரிடமிருந்து என்று சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மகள் கல்யாணத்துக்கு வீட்டை அடமானம் வைத்திருக்கிற நாலாவது தெரு அம்மாள் அழத் தொடங்கினாள். எனக்கு அடுத்த வீடு. தினமும் எனக்குக் கறிவேப்பிலை கிள்ளிக் கொடுப்பவள்.

ஞானசிகாமணி சார் மைக்கை எடுத்தார். "நம்ம நோக்கம் நம்ம நகரைக் காப்பாத்துறது. நகரே இல்லைன்னா எதைக் காப்பாத்துறது? மனுவ வாபஸ் வாங்கிடுவோம்." அவர் வீடு முதல் தெருவில் இருக்கிறது, ஒன்றும் ஆகாது. மற்றவர்களுக்காகத்தான் பேசினார். அதையும் சொல்ல வேண்டும்.

"கழுவெளி?" என்று ரிஸ்வானா கேட்டாள்.

"வில்லாவும் ரெண்டு மாடிதானாம் கட்டறாங்க" என்றார் யாரோ.

கை தூக்கச் சொன்னார்கள். வாபஸ் கடிதத்தைச் செயலாளர் எழுத வேண்டும். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வேறு யாரோ எழுதியிருப்பார்கள். அதுவும் கணீரென்று இருந்திருக்கும்.

24 ஜூலை, புதன்

சாப்பாட்டில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். இருபத்தொன்பது வருடத்தில் இந்த மனிதர் என்னைச் சந்தேகமாக ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். சும்மா சொல்கிறேன், சொல்லியிருக்கமாட்டேன்.

25 ஜூலை, வியாழன்

நாளைக்கு கோட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டும் என்றேன். "நானும் வர்றேன். வெயில்ல தனியா போகாத" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன்.

26 ஜூலை, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அலுவலக வராந்தாவில் ஒரு பக்கம் கன்னியம்மாவும் ஒன்பது வீட்டு ஆட்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு பக்கம் பெஞ்சில் நிறுவனத்தின் வக்கீல்கள் மூன்று பேர். சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ரிஸ்வானா மட்டும் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மூச்சு விட்டாள், உறையை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

கோட்டாட்சியர் சின்ன வயசுப் பெண். "நலச்சங்கம் மனுவ வாபஸ் வாங்குறதா கடிதம் வந்திருக்கு. அப்ப இதுல மனுதாரர்னு யாருமே இல்லையே?" என்றார். நிறுவனத்து வக்கீல் எழுந்து, அப்படியானால் முடித்துவிடலாம் என்றார்.

நான் எழுந்தேன். உறையை மேஜைமேல் வைத்தேன். கோட்டாட்சியர் கடிதத்தைப் பிரித்துப் படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தேதியைப் பார்த்தார்.

"இது சார்பதிவாளருக்கு எழுதினது. உங்ககிட்ட எப்படி வந்தது?"

"நான் அந்த ஆபீஸ்ல தபால் பிரிவுல இருந்தேங்க. பதிவேட்டுல பதியாம எடுத்துக்கிட்டேன்."

"ஏன்?"

"ஒரு மனைக்காக."

என் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. மேனேஜர் வந்தது, பாதி விலை, யார் பேரில் வாங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் சங்கத்து மனுவில் அந்தக் கடைசி வரியை எழுதியது நான்தான், இருளர் வீடுகளை நினைக்காமல் எழுதினேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது கன்னியம்மாவைப் பார்த்தே சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. மாற வேண்டும் என்று நான் எதிர்பார்க்க நியாயம் இல்லை.

வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவை நிறுத்தினார். என்னைப் போல ஒருவர்தான் அவரும், கட்டத்துக்குள் எழுதுகிற ஆள்.

"அம்மா, ஒரு சந்தேகம். நிலத்தைக் காப்பாத்தணும்னு சொல்றவங்க மனுதாரர். நிலத்துமேல இருக்குறவங்க எதிர்மனுதாரர். நீங்க சொல்றதப் பாத்தா ரெண்டுலயும் வர்றீங்க. ஒரே பேர ரெண்டு பக்கமும் போட முடியாது. எந்தப் பக்கம் போடட்டும்?"

அறையில் யாரோ சிரித்தார்கள். அத்தனை வருடம் மற்றவர்களின் பெயரைச் சரியான கட்டத்தில் எழுதியவளுக்கு, தன் பெயர் எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

இவர் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

"வீடு என் பேர்ல இருக்குதுங்க. தணிகாசலம், மருதம் நகர், நாலாவது தெரு, மனை அறுபத்தொண்ணு. என்னை எதிர்மனுதாரர்ல எழுதுங்க. அவங்கள மனுதாரர்ல எழுதுங்க."

எழுத்தர் கோட்டாட்சியரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். எழுதிக்கொண்டார்கள். இவர் வலது பக்கம் கையெழுத்துப் போட்டார், நான் இடது பக்கம் போட்டேன்.

இறுதி உத்தரவு வரும்வரை கழுவெளியில் ஒரு கூடை மண்கூடக் கொட்டக்கூடாது, கரைமேல் ஒரு வீட்டையும் தொடக்கூடாது என்று கோட்டாட்சியர் சொன்னார். 212 முழுவதையும் புதிதாக அளக்க வேண்டும். மூன்றாவது, நாலாவது தெருக்களுக்கும் நோட்டீஸ் போகும். என்மேல் தனியாக நடவடிக்கைக்கு எழுதுவார்களாம். சரி என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. இரண்டு பேர் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஐந்து நிறுத்தம் வரை இவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

"அப்பவே என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனச்ச?"

"இந்த மனை வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றார்.

"அதனாலதான் சொல்லல" என்றேன்.